மறுமுனையில் நின்றவன்

அந்த டெஸ்ட் மேட்சின் இரண்டாம் நாள் மாலை, வெயில் கேலரியின் மேற்குக் கூரைக்குப் பின்னால் இறங்கி, கடைசி ஓவரின் கடைசிப் பந்தும் போட்டு முடிந்து, களைத்த வீரர்கள் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு பெவிலியனைப் பார்த்துத் திரும்பியபோது, ஸ்டம்புகளின் தலையில் இருக்கும் பெய்ல்ஸ் என்கிற சின்ன மரத்துண்டுகளை எடுப்பதற்காக அம்பயர் கை வைத்தார்; அவை வரவில்லை. மறுமுனையில் இருந்த அம்பயருக்கும் வரவில்லை. மைதானத்து ஆட்கள் வந்து இழுத்துப் பார்த்தார்கள், எண்ணெய் விட்டுப் பார்த்தார்கள், ஸ்டம்புகளையே பிடுங்கிவிடலாமென்று நாலு பேர் சேர்ந்து பிடித்தார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து வந்த ஆசாரியின் ரம்பம் பல் போனதுதான் மிச்சம். கடைசியில் அதிகாரிகள் பெவிலியன் அறையில் உட்கார்ந்து விதிகளைப் புரட்டினார்கள். பெய்ல்ஸை எடுத்தால்தான் அன்றைய ஆட்டம் முடிந்ததாக அர்த்தம். எடுக்க முடியவில்லை, ஆகவே இரண்டாம் நாள் முடியவில்லை, சூரியன் போனது சூரியனின் சொந்த விஷயம் என்று தீர்மானித்து, வெளிச்சம் திரும்ப வந்ததும் ஆட்டம் தொடரும், நடுவில் உள்ள இருட்டு தேநீர் இடைவேளையாகக் கொள்ளப்படும், இடைவேளையில் மட்டை பிடிக்கிற இரண்டு பேரும் மைதானத்தைவிட்டு வெளியே போகக்கூடாது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஜனங்கள் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, காலையில் அதே டிக்கெட்டைக் காட்டி உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அதே நாள்தானே.

மைதானத்துக்குள் அப்போது அடித்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ரகுநந்தன். டெஸ்ட் கிரிக்கெட்டில் ஒரே இன்னிங்ஸில் அதுவரை எந்த மனிதனும் எடுத்திராத ரன்னை அன்று மாலைதான் அவர் எடுத்திருந்தார். பெய்ல்ஸில் அம்பயர் கை வைத்த நேரத்தில் ஊரெல்லாம் வெடித்துக்கொண்டிருந்த பட்டாசு அதற்காகத்தான். இன்னொருவன் இசக்கித்துரை. அவன் மட்டை பிடிக்க வந்தவனே அல்ல. தருவைப்பட்டி உப்பளத்தில் பாத்தியிலிருந்து உப்பை வாரி இழுத்து இழுத்து முறுக்கேறிய தோளோடு, வெயிலில் வெந்த களர்மண்ணில் ஓடி ஓடிப் பழகிய காலோடு, நாட்டிலேயே வேகமாகப் பந்து வீசுகிறவன் என்று பெயர் வாங்கி, தன் முதல் டெஸ்ட் மேட்சுக்கு வந்திருந்தான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனைவி செல்லக்கனி மாசமாக இருந்தாள். பதினோராவது ஆளாக, மற்றவர்கள் எல்லாம் அவுட் ஆகிப் போன பிறகு, ரகுநந்தனின் சாதனைக்கு முப்பது நாற்பது ரன் மிச்சமிருந்த நேரத்தில் அவன் மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

இறங்குவதற்கு முன் கேப்டன் அவன் தோளில் கை போட்டுச் சொன்னார். "துரை, நீ ஒரு ரன்னும் எடுக்க வேண்டாம். அவுட் ஆகாம நின்னாப் போதும். நீ போனா இன்னிங்ஸ் முடிஞ்சுடும், அவர் ரெக்கார்டும் போயிடும். இன்னிக்கு நில்லு. நாளைக்குக் காலைல புதுப் பந்து உன் கையில."

"சரி சார்," என்றான் இசக்கித்துரை. நின்றான். நாளைதான் வரவில்லை.

பந்தெல்லாம் ரகுநந்தனே பார்த்துக்கொண்டார். ஓவரின் கடைசிப் பந்தில் ஒரு ரன் எடுத்து மறுமுனைக்கு ஓடிவிடுவார், அடுத்த ஓவரும் அவருக்கே வரும். இசக்கித்துரையின் வேலை, "வா" என்றதும் ஓடுவது, ஓடிப் போய் மறுபடி மறுமுனையில் நிற்பது. ரகுநந்தன் நல்ல மனிதர், அதட்டிப் பேசத் தெரியாதவர். "நீ நில்லு துரை, மத்ததை நான் பாத்துக்கறேன்," என்பார். வேறு எதுவும் அவர் அவனிடம் பேசியதாக இசக்கித்துரைக்கு நினைவில்லை. எதிரணியின் பந்து சில சமயம் ரகுநந்தனின் மட்டையைத் தாண்டி ஸ்டம்பில் போய் மோதும், பெய்ல்ஸ் விழாது, பெய்ல்ஸ் விழாவிட்டால் அவுட் இல்லை. ரகுநந்தன் தலையைக் குனிந்து மட்டையால் தரையைத் தட்டிவிட்டு அடுத்த பந்துக்குத் தயாராவார்.

ஐந்நூறு வந்தபோது பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். ஆயிரம் வந்தபோது கேப்டன் பெவிலியன் படியில் இறங்கி, போதும் வாருங்கள் என்று கையைத் தூக்கப் போனார். தூக்கி முடிப்பதற்குள் அவர் கேப்டனாக இல்லை. அடுத்த கேப்டன் கையைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டார். ஐயாயிரம் வந்தபோது தபால்தலை வந்தது. பத்தாயிரத்துக்குப் பிறகு கேலரியில் இருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போவதை நிறுத்தினார்கள், போய்விட்டு வருவதற்குள் ஏதாவது நடந்துவிட்டால் என்ன செய்வது என்று; படிக்கட்டுகளில் அடுப்பு மூட்டினார்கள், தூண்களுக்கு நடுவே சேலை கட்டி மறைத்தார்கள், தபால்காரர் வரிசை எண்ணையும் இருக்கை எண்ணையும் பார்த்துக் கடிதம் கொடுத்தார், ரேஷன் கார்டிலும் அதே விலாசம் ஏறியது. இரண்டாம் நாள் டிக்கெட் வைத்திருந்தவர்கள் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பூஜையறையில் வைத்தார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள், வீடு இருக்கிறதா என்று கேட்ட பிறகு டிக்கெட் இருக்கிறதா என்றும் கேட்டார்கள். மழை வந்தால் விரிப்புப் போட்டு மூடினார்கள், விட்டதும் எடுத்தார்கள். தேர்தல் வந்தது, ஆட்டத்தை நிறுத்த மாட்டோம் என்று சொன்ன கட்சிகள் எல்லாம் ஜெயித்தன. எதிரணி நாட்டுக்காரர்களில் சிலர் ஊருக்குத் திரும்பினார்கள், அவர்களுக்குப் பதில் வேறு ஆட்கள் வந்து நின்றார்கள், சிலர் இங்கேயே பெண் எடுத்து மைதானத்தின் வடக்கு வாசலில் குடித்தனம் வைத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் நல்ல தமிழ் பேசின.

தருவைப்பட்டியும் தன் பங்குக்கு மாறியது. அதுவரை பஸ்கூட நிற்காத ஊர் அது. ரகுநந்தனின் ரன்கள் ஏற ஏற, எதிர்முனையில் விழாமல் நிற்கிறவனின் ஊர் என்று அதற்குத் தார்ச்சாலை வந்தது, குடிதண்ணீர்க் குழாய் வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கண்ணாடியும் செருப்பும் வந்தன. ஊர் முகப்பில் வளைவு கட்டி, ஸ்கோர் போர்டில் உள்ளபடியே 'இசக்கித்துரை 0' என்று எழுதினார்கள். அந்தப் பூஜ்யத்துக்கு வெள்ளிக்கிழமைதோறும் மாலை போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பூஜ்யத்தைப் பூஜ்யம் என்று சொல்வதில்லை, துரை என்றார்கள். பத்தில் பத்துப் போனால் துரை.

ஊர்ச் சங்கத் தலைவர் தனுஷ்கோடி மாதம் ஒருதரம் வேன் பிடித்து ஆட்களோடு வந்து, எல்லைக் கயிற்றுக்கு வெளியே நின்று அவனைப் பார்த்துவிட்டுப் போவார். "ஒன்னால ஊருக்கு வெளக்கு எரியுது துரை," என்பார். "நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா நில்லு. நிக்கியதுல என்ன கஷ்டம்?"

நிற்பதில் என்ன கஷ்டம் என்று இசக்கித்துரையால் அவருக்குச் சொல்ல முடியவில்லை. அவன் நின்ற இடம் அப்படி. பந்து வீசுகிறவன் ஒவ்வொரு தடவையும் அவனை உரசுகிற தூரத்தில்தான் ஓடிப் போவான். எதிரணியின் வேகப்பந்து வீச்சாளன் ஆல்டன், செம்பட்டை முடியும் நீண்ட கையுமாக, மூச்சு இரைக்க ஓடி வந்து, இவனுக்குப் பக்கத்தில் ஒரு காலை ஊன்றி எழும்பும்போது இவனுடைய வலது தோளும் கூடவே எழும்பும், விரல்கள் மட்டைப் பிடியில் பந்தின் தையலைத் தேடும். பிறகு கை கீழே இறங்கிவிடும். ஒரு நாளைக்கு அத்தனை பந்துக்கும் அத்தனை தடவை அப்படி எழும்பி இறங்கியது. ஆரம்பத்தில், இந்தப் பந்தை நானாக இருந்தால் இன்னும் கொஞ்சம் முன்னால் குத்தியிருப்பேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வான். பிறகு அதை ஆல்டனிடமே சொல்லத் தொடங்கினான். ஆல்டனும் கேட்டுக்கொண்டான், சில சமயம் அப்படியே போட்டும் பார்த்தான். எதிராளிகள் இரண்டு பேருக்கும் நடுவே அந்த மைதானத்தில் வேறு யாருக்கும் புரியாத ஒரு பேச்சு உண்டானது, முழுக்கக் காற்றைப் பற்றியும் பந்தின் மினுக்கைப் பற்றியும். ஆல்டன் கேலரியில் கேட்டுக் கேட்டுத் தமிழ் படித்தவன். ஒருநாள் அவன் கேட்டான்.

"என்மேல உனக்குக் கோபமா துரை?"

"பொறாமை," என்றான் இசக்கித்துரை.

ஆல்டனுக்கு அதற்குள் முடி உதிர்ந்திருந்தது. தோள் இறங்கி, துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் வீசுவான். தன் தோளைத் தடவிக்கொண்டே, "இதுலயா பொறாமை," என்று கேட்டுவிட்டு, பந்தை எடுத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பி நடந்தான்.

செல்லக்கனிக்குப் பெண் பிறந்தது. மதிவதனி என்று பேர் வைத்த பிறகுதான் அவனுக்குச் சேதி வந்தது. கைக்குழந்தையோடு வந்தபோது கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று காட்டினாள். இடைவேளையில் கயிறுவரை போகலாம், தாண்டக்கூடாது. குழந்தையைத் தொட விடுவார்களா என்று அம்பயரைக் கேட்டான். அவர் விதிகளைப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லிப் போனார், திரும்பி வருவதற்குள் இடைவேளை முடிந்துவிட்டது. அடுத்த முறை குழந்தை நடந்து வந்தது. அதற்கடுத்த முறை பள்ளிக்கூட உடுப்பில் வந்து, வெள்ளைச் சட்டை போட்ட இத்தனை பேரில் அப்பா யார் என்று கேட்டது. ஒவ்வொரு முறையும் தனுஷ்கோடியின் ஆட்கள் செல்லக்கனிக்குப் பக்கத்திலேயே நின்றார்கள், பார்த்துக்கொள்வதற்காக. அவள் இருந்த மாடி வீடும் சங்கம் கட்டிக் கொடுத்ததுதான். "நல்லாயிருக்கோம், நீங்க ஒடம்பப் பாத்துக்கிடுங்க," என்பதற்குமேல் அவள் பேச மாட்டாள்.

பிறகு அவனுடைய அம்மா முப்பிடாதி செத்துப்போனாள். சேதியைக் கொண்டுவந்தவர் தனுஷ்கோடிதான். எரித்து மூன்றாம் நாள், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கயிற்றோரம் வந்து நின்றார்.

"ஒன்கிட்ட முன்னாலயே சொல்லக்கூடாதுன்னு ஒங்கம்மா கட்டளை," என்றார். "கடேசியாச் சொன்னது ஒரே வார்த்தைதான். எம் புள்ளையக் கூப்பிடாதிய, அவன் நிக்கட்டும்னா. அப்படியே கண்ண மூடிட்டா. மகராசி."

இசக்கித்துரை கையுறையைக் கழற்றிக் கயிற்றில் போட்டான். பிறகு எடுத்து மாட்டிக்கொண்டான். 'அவன் நிக்கட்டும்' என்று முப்பிடாதியின் படத்தோடு நாடு முழுவதும் சுவரொட்டி ஒட்டினார்கள். கேலரியில் வீடு கட்டியிருந்தவர்கள் அதைத் தங்கள் சேலைச் சுவர்களில் மாட்டினார்கள். மைதானத்தின் மின்பலகையில் அவளுடைய முகம் தினமும் காலையில் ஒருதரம் வந்து போனது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அவன் மறுமுனையில் போய் நின்றான். அம்மா சொன்னாள் என்றால் நிற்க வேண்டியதுதான். உப்பளத்தில் அவனைவிட நீளமான பாத்திகளை அவனைவிட வேகமாக வாரியவள். காரணமில்லாமல் எதையும் சொல்கிறவள் அல்ல.

அதற்கு வெகுகாலத்துக்குப் பிறகு, ரகுநந்தனின் கணக்கு பத்து லட்சத்தை நெருங்கிக்கொண்டிருந்த நாட்களில், ஊரெல்லாம் தோரணம் கட்டி, விமானத்திலிருந்து பூப்போட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது, செல்லக்கனி காவலுக்கு யாரும் இல்லாமல் வந்தாள். சங்கத்து ஆட்கள் எல்லாம் விழா வேலையில் இருந்ததால் அவள் பஸ் ஏறியதை யாரும் கவனிக்கவில்லை. மதிவதனியும் கூட வந்திருந்தாள். அம்மாவின் தோளுக்கு வளர்ந்திருந்தாள்.

மதிய உணவு இடைவேளை. இசக்கித்துரை கயிற்றோரம் வந்தான். செல்லக்கனி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பேசினாள்.

"அத்தை அப்படிச் சொல்லல."

அவனுக்குப் புரியவில்லை. "எப்படி?"

"நீங்க நிக்கணும்னு சொல்லவேயில்ல. தொரை எங்கன்னு கேட்டாவ. மேட்ச்ல நிக்காவ அத்தைன்னேன். பந்து போடுதானான்னாவ. இல்ல, மட்டையோட நிக்காவன்னேன். அவனுக்கு மட்டையே பிடிக்கத் தெரியாதே, அவன எதுக்கு அங்கன கொண்டு நிப்பாட்டியிருக்காவன்னு கேட்டாவ. வரச் சொல்லு வரச் சொல்லுன்னு கெடந்தாவ. நா உங்களுக்குச் சொல்லி அனுப்பணும்னேன். தலைவர் ஆள் போட்டு வாசலப் பூட்டிட்டாரு."

அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"எத்தன நாள் கெடந்தா?"

"அத விடுங்க."

"அந்த வாசகம்?"

"அது தலைவரே எழுதுனது. போஸ்டருக்கு."

மணி அடித்தது. மற்ற வீரர்கள் உள்ளே நடக்கத் தொடங்கினார்கள். செல்லக்கனி அவுட் ஆகுங்கள் என்றும் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. மதிவதனி மட்டும் கையை நீட்டி, கயிற்றின்மேல் இருந்த அவன் விரலைத் தொட்டுப் பார்த்தாள். அம்பயர் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தால் பார்க்கட்டும் என்று இசக்கித்துரை விரலை எடுக்கவில்லை.

பத்து லட்சத்துக்கு ஒன்பது ரன் இருந்தது. ரகுநந்தன் ஓவரின் கடைசிப் பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு, எத்தனையோ ஆயிரம் தடவை கூப்பிட்டதுபோலவே "வா" என்று கூப்பிட்டு ஓடி வந்தார். இசக்கித்துரை நகரவில்லை. பாதி தூரம் வந்தவர் அவன் நிற்பதைப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடினார். பந்தை எறிந்து ஸ்டம்பில் அடித்தார்கள், பெய்ல்ஸ் விழாததால் அவர் தப்பித்தார். ஓவர் முடிந்தது. அடுத்த ஓவர் எதிர்ப்பக்கத்திலிருந்து ஆல்டன் வீச வேண்டும். எதிர்கொள்ள வேண்டியவன் இசக்கித்துரை. இத்தனை காலத்தில் ஒரு முழு ஓவர் அவனுக்கு வருவது அதுதான் முதல் தடவை. கேலரியில் சோறு பொங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

ரகுநந்தன் பாதி பிட்ச்வரை நடந்து வந்தார். பக்கத்தில் பார்க்க மிகவும் கிழடாகத் தெரிந்தார். கண்ணில் பூ விழுந்திருந்தது. பந்தைச் சத்தத்தை வைத்துத்தான் அடிக்கிறார் என்பது இசக்கித்துரைக்கு ரொம்ப நாளாகத் தெரியும்.

"கேக்கலியா துரை?"

"கேட்டுச்சு சார்."

அவர் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றார். "ஒன்பதுதான். முடிச்சிட்டா நானே போதும்னு சொல்லிடுவேன்."

"அன்னிக்கு அந்த நானூறு ரெக்கார்டுக்கும் அதத்தான் சொன்னாங்க."

"ஆமா," என்றார் ரகுநந்தன். தனக்கே சொல்லிக்கொள்வதுபோலத் தணிந்த குரலில் பேசினார். "என் பையனுக்குக் கல்யாணம் பேசறாங்களாம். அவன் முகம் எனக்கு நினைவில்ல. வெளில போனா நான் என்ன செய்வேன்னு தெரியல துரை. அவுட் ஆகற வழி எனக்கு மறந்துபோச்சு. ஒன்பது ரன் இருக்குன்னா, நாளைக்கு ஏதோ இருக்குன்னு ஆகுது."

"நீங்க அடிக்க வந்தீங்க சார், அடிச்சிட்டீங்க," என்றான் இசக்கித்துரை. "நான் போட வந்தவன்."

ரகுநந்தன் அவனை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். திரும்பிப் போய் மறுமுனையில் நின்றார்.

முதல் பந்துக்கு இசக்கித்துரை மட்டையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டான். பந்து நடு ஸ்டம்பில் மோதியது. பெய்ல்ஸ் அசையவில்லை. இரண்டாவது பந்துக்கு ஸ்டம்பை மறைத்துக் காலை நீட்டினான், காலில் கட்டிய பேடில் பட்டு நின்றது, ஆல்டன் முழங்காலிட்டு அவுட் கேட்டான். அம்பயர் இல்லையென்று தலையை ஆட்டினார். வெளியூர் அம்பயர்கள் போய் இப்போது உள்ளூர் ஆள். வடக்கு வாசலில் அவருக்கு இரண்டு கடை இருந்தது. மூன்றாவது பந்தை மேலே தூக்கி அடித்தான். அது நேராக ஒரு பீல்டரின் கைக்குப் போனது. இங்கேயே பெண் எடுத்து, இங்கேயே பிள்ளை பெற்றவன் அவன். ஆட்டம் முடிந்தால் எந்த நாட்டுக்குப் போவது என்று தெரியாதவன். கையை விரித்தான், பந்து நடுவே விழுந்தது. நான்காவது பந்தும் அப்படித்தான், வேறொருவன். கேலரியில் யாரும் கத்தவில்லை. அடுப்புகளில் சோறு அடிப்பிடிக்கும் வாசனை மைதானத்தின் நடுவரை வந்தது.

ஐந்தாவது பந்துக்கு ஆல்டன் ஓடி வரவில்லை, நடந்து வந்தான். தோளில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து எறிந்திருந்தான். வீசியது வேகமும் இல்லாத வளைவும் இல்லாத ஒரு பந்து. இசக்கித்துரை அதை, குழந்தைக்கு எறிவதுபோல, மட்டையால் வாங்கி அவனை நோக்கியே மேலே அனுப்பினான். ஆல்டனின் வலது கை மறுபடி தூக்க வரவில்லை. இடது கையை நீட்டி, நெஞ்சோடு அணைத்து, பந்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். பிடித்ததைக் காணாததாக எந்த அம்பயராலும் இருந்துவிட முடியாது. விரலை உயர்த்தினார்.

ரகுநந்தன், ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று, ஆட்டமிழக்கவில்லை. இசக்கித்துரை, பூஜ்யம்.

ஒரு பாட்டில் வந்து விழுந்தது. பிறகு ஒரு செருப்பு. பிறகு கேலரி முழுவதிலிருந்தும் தட்டும் கரண்டியும் முப்பிடாதியின் படமும் வந்து விழுந்தன. தருவைப்பட்டிக்குச் சேதி போன கொஞ்ச நேரத்தில் வளைவிலிருந்து அவன் பேரைச் சுரண்டத் தொடங்கிவிட்டார்கள். இசக்கித்துரை தலையைக் குனியாமல் பெவிலியனுக்கு நடந்தான். பேடின் வார்கள் கெட்டிப்பட்டு அவிழ மறுத்தன, கத்தியால் அறுத்து எடுத்தான். இடைவேளை பத்து நிமிஷம். இப்போது கேப்டனாக இருந்தவன், ஆட்டம் தொடங்கியபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவன். அவனுக்கு இசக்கித்துரையின் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் முதல் கேப்டன் எழுதிக் கொடுத்த அணிப் பட்டியலில் முதல் ஓவர் வீசுகிறவன் இடத்தில் அந்தப் பேர்தான் இருந்தது, மாற்ற முடியாது. புதுப் பந்தைப் பெட்டியிலிருந்து எடுத்து மேஜையில் உருட்டிவிட்டான்.

இசக்கித்துரை அதை எடுத்து முகர்ந்து பார்த்தான். தையலில் விரலை வைத்தான். விரல்கள் தடித்திருந்தன, மட்டையைப் பிடித்துப் பிடித்து வளைந்திருந்தன, ஆனாலும் தையல் கிடைத்தது. வெளியே வந்து, பிட்சிலிருந்து திரும்பி, பழைய கணக்கில் நடந்து போய், தன் ஓட்டம் தொடங்கும் இடத்தைக் குதிகாலால் கிழித்துக் குறித்தான். தூரத்தில் கயிற்றோரம் செல்லக்கனியும் மதிவதனியும் நிற்பது தெரிந்தது. காற்று கடலிலிருந்து வந்தது, இடது கைப்பக்கமாக. பந்தைச் சட்டையில் தேய்த்தான். எந்த இடத்தில் குத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த இடம்தானே.

ஆட வர வேண்டிய எதிரணி வரவில்லை. அவர்களுடைய கேப்டன், இவனும் இளைஞன்தான், மட்டையில்லாமல் வெறுங்கையோடு மைதானத்துக்குள் நடந்து வந்தான். ஸ்கோர் போர்டை ஒருதரம் அண்ணாந்து பார்த்தான். முதலில் ஆட வேண்டியவர்களில் ஒருவர் ஊரில் இறந்துவிட்டார், இன்னொருவர் டீக்கடை வைத்திருக்கிறார். இந்த ரன்னை எடுக்க எங்களுக்கு ஆயுசு போதாது, தோற்றதாக ஒப்புக்கொள்கிறோம் என்று நம் கேப்டனின் கையைப் பிடித்துக் குலுக்கினான். அம்பயர் பெய்ல்ஸை இரண்டு விரலால் எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அதை யாரும் கவனிக்கவில்லை.

தோற்றார்கள் என்றால் நாம் ஜெயித்தோம் என்பது கேலரிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. ஒரு இன்னிங்ஸும் ஏறத்தாழப் பத்து லட்சம் ரன்களும் வித்தியாசத்தில் ஜெயித்தோம். உலகத்தில் எவனும் ஜெயிக்காத ஜெயிப்பு. செருப்பு எறிந்த கைகளாலேயே தட்டினார்கள். கூட்டம் கயிற்றைத் தாண்டிப் பாய்ந்து ரகுநந்தனைத் தோளில் தூக்கிக்கொண்டு வலம் வந்தது. விமானம் வந்து பூவைக் கொட்டியது. ரகுநந்தன் தோள்களின்மேல் ஆடிக்கொண்டே, சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கையில் மட்டை இருந்தது, அதை யாரும் வாங்கவில்லை.

இசக்கித்துரை தான் குறித்த இடத்திலேயே நின்றான். கூட்டம் அவனைச் சுற்றிக்கொண்டு போனது. யாரும் திட்டவுமில்லை, அடிக்கவுமில்லை. அம்பயர் வந்து கையை நீட்டினார்.

"பந்தைக் கொடுங்க."

"ஒண்ணு போட்டுட்டுத் தாரேன்."

"மேட்ச் முடிஞ்சுட்டுதுங்க. புதுசு, பெட்டியில திருப்பி வைக்கணும்."

"ஒண்ணே ஒண்ணு."

"யாருக்குப் போடுவீங்க?" என்றார் அம்பயர். பொல்லாத்தனமாகக் கேட்கவில்லை. எதிர்முனையில் ஸ்டம்புகளையும் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது சுலபமாக வந்தன. உட்கார்ந்த இடத்திலிருந்து ஆல்டன் இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து நிற்க முயன்றான், தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டான். இசக்கித்துரை பந்தைக் கொடுத்தான்.

மூன்று பேரும் பஸ் நிலையத்துக்கு நடந்தே போனார்கள். தூத்துக்குடி பஸ்ஸில் இடம் கிடைத்தது. வழியெல்லாம் பட்டாசு. டிரைவர் ரேடியோ வைத்திருந்தார். அதில் ரகுநந்தனின் முதல் ரன்னிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். மதிவதனி ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். தருவைப்பட்டியில் மாடி வீட்டைப் பூட்டிச் சாவியைச் சங்கம் எடுத்துக்கொண்டதாக, பஸ் நிலையத்திலிருந்து ஊருக்குப் போன் பண்ணிக் கேட்டிருந்த செல்லக்கனி சொன்னாள். சாமான்களை அவளுடைய அக்கா வீட்டில் போட்டிருக்கிறது. அளத்தில் வேலை கேட்டால் கொடுப்பார்கள், உப்பு வார ஆள் எப்போதும் வேண்டும். அவன் சரி என்றான்.

ஊர்களைத் தாண்டி, பொட்டல் வெளிக்கு வந்த பிறகு, அவன் தன் வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்தாள்.

"கை வலிக்கா?"

"இல்ல," என்றான் இசக்கித்துரை. "போட்டாத்தான வலிக்கும்."

செல்லக்கனி அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ரேடியோவில் எழுபத்திரண்டாவது ரன்னுக்குக் கை தட்டினார்கள்.